மிதியப்பா

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் அவளும் சேர்ந்து துணி துவைக்கும் இயந்திரத்தை மட்டம் பார்த்து நிறுத்தினார்கள். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

பழைய இயந்திரம். வேகமாகச் சுற்ற ஆரம்பித்தால் நடுநடுங்கிக்கொண்டே குளியலறை வாசல்வரைக்கும் நடந்து வந்துவிடும். அவள் கைபேசியில் மட்டம் காட்டும் செயலியைத் திறந்து மூடியின்மேல் வைத்தாள். ஒன்றரை டிகிரி சாய்வு என்றது. அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சமையலறைக்குப் போய் ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் பிடித்து, தளும்பாமல் நடந்துவந்து, கைபேசிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எதுக்குப்பா இது? இதுல டிகிரியே காட்டுது."

"டிகிரி உனக்கு. எனக்குத் தண்ணி எந்தப் பக்கம் வழியுதுன்னு தெரிஞ்சாப் போதும்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்னா இதுவும் இருந்துட்டுப் போகட்டுமே."

அவள் தரையில் படுத்து ஸ்பேனரால் பின்பக்கத்துக் காலைத் திருகினாள். அப்பா இயந்திரத்தை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "அப்பாவும் பொண்ணும் சேர்ந்து ராக்கெட்டா விடுறீங்க? இங்க அழுக்குத்துணி ரெண்டு வாளி நிக்குது."

தரையில் படுத்திருந்தவளின் கண்ணுக்கு நேராக அப்பாவின் கால்கள் இருந்தன. இயந்திரம் கொஞ்சம் சரிந்தபோது வலது பாதம் தானாகவே தரையை அழுத்தியது. அந்தப் பாதத்தை ஊரே பார்த்திருந்தது. தொலைக்காட்சியில், கைபேசியில், சுற்றி வட்டம் போட்டு, பின்னணியில் வாத்தியச் சத்தம் சேர்த்து.

ஒன்பது நாளாக அவள் ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு டிவியில் உங்களைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டீர்களா அப்பா? அவர் கேட்டார் என்பது அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதையும், தெரிந்த பிறகும் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முகத்தைப் பார்க்காமல் சொல்ல இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

"இப்ப எப்படி இருக்கு?" என்றாள்.

"தண்ணி நடுவுல நிக்குது. விட்டுடு."

இயந்திரம் இடத்தைவிட்டு அசையாமல் சுற்றியது. அப்பா அதற்கு "பாஸ்" என்று சொல்லிவிட்டு, அந்தத் தண்ணீரை வீணாக்காமல் குடித்தார். செவ்வாய்க்கிழமை காலை, பயிற்சிப் பள்ளியில் டீ வருவதற்காகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே போய்விட்டார். வயது அறுபத்தொன்று. இதயம் என்றார் மருத்துவர்.

இருபத்தெட்டு வருடம் ஒரே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வாத்தியார் வேலை. பயிற்சி வண்டியில் வாத்தியார் உட்காரும் பக்கத்தில் ஸ்டியரிங் கிடையாது. காலடியில் ஒரு பிரேக் மட்டும் உண்டு. ஓட்டக் கற்றுக்கொள்கிறவர் சுவரைப் பார்த்து விட்டாலும் சரி, சாக்கடையைப் பார்த்து விட்டாலும் சரி, வாத்தியாரால் முடிந்தது நிறுத்துவது மட்டும்தான். அதனால் அந்த வலது காலுக்கு ஓய்வு என்பதே இல்லை. பேருந்தில் போகும்போதும் தரையை அழுத்தும். ஒருமுறை பல் மருத்துவர் நாற்காலியைப் பின்னால் சாய்த்தபோது அழுத்திய அழுத்தில் கால்வைக்கும் தட்டு உடைந்துவிட்டது. அவருடைய ஷூக்களில் வலதுகால் அடிப்பாகம் எப்போதும் முதலில் தேயும். "ஒத்தைக் காலுக்கு மட்டும் ஷூ விக்கிற கடை எங்கயாவது இருந்தாச் சொல்லுங்க சார், நானும் வர்றேன்" என்பார் செருப்புத் தைப்பவர்.

வண்டிக்குள் அவர் நாலு சொற்கள்தான் பேசுவார். பாரு. விடு. திருப்பு. மிதி. மிதி என்றால் பிரேக்கை மிதி. "நிறையப் பேசினா அவங்க என் வாயைப் பார்ப்பாங்க. ரோட்டை யார் பார்க்கிறது?" என்பார். மனிதர்களையும் காலை வைத்துத்தான் எடைபோடுவார். அம்மாவின் தம்பி எந்த வேலையிலும் ஒரு வருடம் நிலைத்ததில்லை. "உன் மாமா அரைக் கிளட்ச்சுலயே வாழ்க்கையை ஓட்டுறவர்" என்று அப்பா சொன்னபோது அம்மா ஒரு வாரம் பேசவில்லை.

பத்தொன்பது வயதில் அவளுக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். மூன்று மாதம், தினமும் காலை ஆறு மணி. முடிவில், அவர் வாயிலிருந்து "மிதி" என்று வந்தால் அவள் மூளைக்குச் செய்தி போவதற்கு முன்பே கால் வேலையை முடித்திருக்கும். பதினொரு வருடம் கழித்து, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அது வேலை செய்யும் என்று இருவருக்குமே தெரியாது.

சொந்தமாக ஒரு கார் அவர் வாங்கியதே இல்லை.

அவள் மின்சாரப் பொறியியல் படித்தாள். மின்விநியோகக் கட்டுப்பாட்டு அறையில் வேலை. எந்தத் தெருவில் மின்சாரம் இருக்கிறது, எங்கே போய்விட்டது என்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மகள் கரண்ட் ஆபீசில் பெரிய வேலை என்பதற்குமேல் அப்பாவுக்கு அதைப் பற்றித் தெரியாது. அப்பா என்ன வேலை என்று அங்கே முதல்நாள் யாரோ கேட்டபோது அவள் "போக்குவரத்துத் துறை" என்றாள். முழுப் பொய் இல்லை. அவர் போக்குவரத்தில்தான் இருந்தார்.

முப்பது வயதில், முறைவேலை நேரங்களுக்கு நடுவே யாரையும் பார்த்துப் பழக வழியில்லாமல், அவளாகத்தான் அந்த நிகழ்ச்சிக்கு விண்ணப்பம் அனுப்பினாள். "காதுக்குள்ளே" என்று பெயர். உணவகம்போல அலங்கரித்த அரங்கில் ஓர் ஆணும் பெண்ணும் சந்தித்துப் பேச வேண்டும். பெண்ணின் அப்பாவோ அம்மாவோ பக்கத்துக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரையில் பார்ப்பார்கள். அவர்கள் ஒலிவாங்கியில் பேசினால் பெண்ணின் காதில் மட்டும் கேட்கும். மேஜையில் ஒரு சிவப்புப் பொத்தான். பெற்றோர் தொல்லை தாங்கவில்லையென்றால் அதை அழுத்தலாம். குரல் அறுந்துபோகும்.

அம்மா கேமரா என்றதும் ஓடிவிட்டாள். அப்பா யோசித்தார்.

"நான் என்னம்மா பேசணும்?"

"ஒண்ணும் பேச வேண்டாம்பா. ஏதாவது தோணினாச் சொல்லுங்க."

"பையன் ஓட்டுவானா?"

"அப்பா!"

"சரி சரி, கேட்கல."

பையன் கண்ணாடிக்கடை வைத்திருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை. வந்ததும் வராததுமாக அவளுடைய கண்ணாடிச் சட்டம் இடதுபக்கம் தாழ்ந்திருக்கிறது என்று சொல்லி, கேட்டு வாங்கி, கையாலேயே வளைத்து நேராக்கிக் கொடுத்தார். அவளுக்குப் பிடித்திருந்தது. அரை மணிநேரம் பேச்சு நன்றாகவே போனது. காதுக்குள் அப்பா மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு கண்ணாடிக்கடைக்காரர் அவள் கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டினார். அதே நேரத்தில் அவள் கீழே விழுந்த கைக்குட்டையை எடுப்பதற்காக நாற்காலியைப் பின்னால் தள்ளப்போனாள். பின்னால் பரிமாறுகிறவர் ஒருவர் சூடான சூப் தட்டோடு வந்துகொண்டிருந்தார். அவளுக்கு அது தெரியவில்லை. கண்ணாடி அறையின் திரையில் தெரிந்தது.

"மிதி!" என்றார் அப்பா.

அவள் கால் மிதித்தது; நாற்காலி நகராமல் நின்றது. மேஜைக்கு அடியில் இருந்தது கண்ணாடிக்கடைக்காரரின் பாதம். அவர் "அம்மா!" என்று துள்ளியதில் தண்ணீர்க் கோப்பை கவிழ்ந்து அவர் மடியெல்லாம் நனைந்தது. சூப் தட்டுக்காரர் ஒன்றும் ஆகாமல் அவளைத் தாண்டிப் போனார். படப்பிடிப்பு முடிந்து வெளியே வந்தபோது அப்பாவின் முகம் வெளுத்திருந்தது. "சூடா இருந்திருக்கும்மா. ஆவி வந்துச்சு, பார்த்தேன்" என்று இரண்டு தடவை சொன்னார். கண்ணாடிக்கடைக்காரர் நொண்டிக்கொண்டே வந்து அப்பாவின் கையைக் குலுக்கினார்.

இரண்டு வாரம் கழித்து ஒளிபரப்பினார்கள். பரிமாறுகிறவரைக் காணோம். சுத்தமாக வெட்டியிருந்தார்கள். ஆணின் கை நீள்கிறது, கண்ணாடி அறையில் அப்பாவின் ஷூக்கால் தரையை அழுத்துகிறது, "மிதி!", ஆண் துள்ளுகிறான். மகள் கையை ஒருவன் தொடப்போனால் மிதிக்கச் சொல்கிற அப்பா. மறுநாளைக்குள் அவருக்கு "மிதியப்பா" என்று பெயர் வந்துவிட்டது.

அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளி வாசலில் போகிறவர்கள் வண்டியை மெதுவாக்கி "மிதியப்பா, சௌக்கியமா?" என்று கத்தினால் கையாட்டுவார். "புதுசா பதினாறு பேர் சேர்ந்திருக்காங்களாம். உங்க அப்பா கால் ராசியான கால்னு மேடம் சொல்றாங்க" என்று வீட்டில் வந்து சொன்னார். மேடம் என்பது பயிற்சிப் பள்ளியை நடத்துகிறவர்.

கட்டுப்பாட்டு அறையில் அவள் நுழைந்தால் நாலைந்து பேர் ஒன்றாகத் தரையை உதைத்தார்கள். முதல் இரண்டு நாள் அவளும் சிரித்துவைத்தாள். மூன்றாம் நாள் மூத்த பொறியாளர் நாற்காலியைத் திருப்பி, நிதானமாகக் கேட்டார்: "உங்க அப்பா போக்குவரத்துத் துறைன்னீங்களேம்மா. அதுல எந்தப் பிரிவு? பிரேக் பிரிவா?"

அறையே கொல்லென்று சிரித்தது. காதுமடல்கள் எரிய அவள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொய் சொன்னது அவள். மாட்டிக்கொண்டதும் அவள். ஆனால் கோபம் முழுக்க அப்பாமேல் போனது. அது எப்படி என்று அவளால் இன்றுவரை கணக்குப் போட்டுப் பார்க்க முடியவில்லை.

இரண்டாவது படப்பிடிப்புக்குப் போகும் வழியில் அப்பா சொன்னார்: "இந்தத் தடவை நான் வாயே திறக்க மாட்டேன், போதுமா?"

"திறக்காதீங்க."

சொன்ன தொனியில் அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

சொன்னபடியே நாற்பது நிமிடம் பேசாமல் இருந்தார். அவளும் கண்ணாடிக்கடைக்காரரும் தொழிலைப் பற்றியும் சின்ன வயதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. அப்போது காதுக்குள் மெதுவாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல, அப்பா சொன்னார்:

"சாப்பிடும்மா. ஆறிடும்."

அவள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

அதற்குப் பிறகு தனியறையில் பேட்டி. எப்போதும் கழுத்தில் ஒலிக்கருவியோடு அலையும் அந்த நிகழ்ச்சிப் பெண்ணை எல்லோரும் "ஹெட்போன்" என்றுதான் கூப்பிடுவார்கள். ஹெட்போன் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, தோழிபோலக் கேட்டாள்.

"அப்பாவை ஏன் அமுக்கிட்டீங்க? மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க. சரியா வரலைன்னா எடுத்துடலாம்."

அன்றைக்கு அந்தச் சூப் தட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். எங்கள் அப்பா கையைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆவி பறக்கிற தட்டைப் பார்த்துச் சொன்னார், அதை நீங்கள்தான் வெட்டினீர்கள் என்று ஒரு வரி. அந்த வரி அவள் தொண்டையில் இருந்தது. அதைச் சொன்னால் மிதியப்பாவின் மகளாகவே இன்னும் ஒரு வாரம் ஓடும். அவள் வேறு சொன்னாள்.

"அவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். ஆபீஸ்ல நான் அப்பா போக்குவரத்துத் துறைன்னுதான் சொல்லியிருக்கேன். நிஜத்தைச் சொல்ல வெட்கமா இருக்கும். இப்ப இன்னும் வெட்கமா இருக்கு."

"சூப்பர்" என்றாள் ஹெட்போன்.

வெளியே வந்தபோது அப்பா ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். "மைக் நடுவுல வேலை செய்யலம்மா. நான் ரெண்டு தட்டு தட்டிப் பார்த்தேன்" என்றார். அவள் "ம்" என்றாள்.

அடுத்த ஒளிபரப்புவரை இரண்டு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஹெட்போனுக்கு மூன்று முறை அழைத்தாள். அந்தப் பேட்டியை எடுத்துவிடச் சொல்லலாம் என்று. ஹெட்போன் அழைப்பை எடுக்கவில்லை. நாலாவது முறை அழைக்க அவளுக்கே தயக்கம். எதற்காக எடுக்க வேண்டும் என்று கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒளிபரப்பான வெள்ளிக்கிழமை அவளுக்கு மாலை முறை. கட்டுப்பாட்டு அறையின் மூலையில் கைபேசியில் சத்தமில்லாமல் பார்த்தாள். ஏழரைக்குத் தொடங்கியது. கண்ணாடி அறையில் சிவப்பு விளக்கு எரிந்ததும் அப்பா ஒலிவாங்கியைப் பார்ப்பதையும், விரலால் இரண்டு தட்டு தட்டுவதையும், கதவுப் பக்கம் திரும்பி யாரையோ கூப்பிட்டு அதைக் காட்டுவதையும் போட்டார்கள். ஏழு ஐம்பத்தொன்றுக்கு அவள் முகம் வந்தது. வாய் அசைந்தது. கீழே எழுத்தில் ஒவ்வொரு சொல்லும் வந்தது.

அன்றைக்கு அவள் வீடு திரும்பியபோது அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"உங்க ஆபீஸ் லட்சணத்தைப் பார்த்தியா? பாதி நிகழ்ச்சியில கரண்ட் போயிடுச்சு. முடிஞ்ச பிறகுதான் வந்துச்சு. நான் அடுப்படியில இருந்தேன், நீ வர்ற இடத்தைப் பார்க்கவே இல்ல."

"எங்க, நம்ம தெருவுலயா?"

"எதிர் வீட்டுல லைட்டு எரியுது. கேட்டா, அவங்களுக்கு வேற லைன்னு உங்க அப்பா சொல்றார். நான் டார்ச்சைத் தேடி எடுத்துட்டு வர்றேன், இவர் இருட்டுல மெயின் போர்டு பக்கத்துல போய் நிக்கிறார், பார்க்கிறேன்னு."

அப்பா செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ஆமாம்மா, போயிடுச்சு" என்றார். "உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. லோடு அதிகமா இருக்கும்."

எதிர் வீடும் அவர்கள் வீடும் ஒரே லைன். அன்று மாலை எட்டு மணிநேரமும் அந்தத் தெரு அவள் திரையில்தான் இருந்தது. எங்கும் மின்சாரம் போகவில்லை.

மறுநாள் அவள் செய்யக்கூடாத ஒரு வேலையைச் செய்தாள். சொந்த வீட்டு மீட்டரின் பதிவை அலுவலகத் திரையில் திறந்தாள். கால்மணிக்கொரு முறை மீட்டர் குறித்துவைக்கும். ஏழே முக்காலிலிருந்து எட்டுவரைக்கும் வழக்கமான மின்செலவில் பாதி. எட்டிலிருந்து எட்டரைவரை பூஜ்யம். குளிர்பதனப் பெட்டிகூட இழுக்கவில்லை. மின்னழுத்தம் இருநூற்று இருபத்தொன்பது வோல்ட், ஆடாமல் அசையாமல் இருந்தது. வாசல்வரை மின்சாரம் வந்து நின்றிருக்கிறது. உள்ளே யாரோ மெயினை இறக்கியிருக்கிறார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் ஏற்றியிருக்கிறார்கள்.

அப்பா முழுவதும் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு எழுந்துபோய், அம்மாவுக்குத் தெரியாமல் வீட்டை இருட்டாக்கியிருக்கிறார். மகளின் வேலை என்ன என்று அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தால் வேறு பொய்யைத் தேர்ந்தெடுத்திருப்பார்.

திங்கட்கிழமை கண்ணாடிக்கடைக்காரரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "அன்னைக்கு உங்க அப்பா அந்தத் தட்டைப் பார்த்துத்தானே சொன்னார். எனக்கே தெரியும். நீங்க ஏன் சொல்லல?" அவள் பதில் எழுதி அழித்தாள், எழுதி அழித்தாள். அவர் பிறகு எழுதவில்லை.

இணையத்தில் அந்தக் காட்சிக்குக் கீழே ஆயிரக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். போன மாதம் அப்பாவைக் கேலிசெய்த அதே ஆட்கள். பெற்ற அப்பனைச் சொல்ல வெட்கப்படுகிறவளுக்கு மாப்பிள்ளை ஒரு கேடா என்று தொடங்கி, நாக்கு கூசுகிற சொற்கள்வரை. அவள் தினமும் உட்கார்ந்து படித்தாள். ஒன்றைக்கூட மறுக்கத் தோன்றவில்லை. அப்பாவிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய கைபேசி. அவருக்கு இதெல்லாம் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

வீட்டில் அப்பா எப்போதும்போல் இருந்தார். அவள் மாலை முறை முடிந்து வந்தால் தட்டை எடுத்துவைப்பார். ஆறிவிடும் என்று மட்டும் சொல்வதில்லை. அந்தச் சொல்லைத் தவிர்க்கிறார் என்று அவளுக்குப் பட்டது. தவிர்க்காமலும் இருக்கலாம். அந்த ஒன்பது நாளும் அவள் அவருடைய ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டாள். தன் சொல் ஒன்றையும் எடுக்கவில்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தது, இயந்திரத்தை மட்டம் பார்த்தார்கள், செவ்வாய்க்கிழமை வந்தது.

காரியங்கள் எல்லாம் முடிந்து, இரண்டாவது வாரம், அப்பாவின் சாமான்களை எடுத்துவர அவள் பயிற்சிப் பள்ளிக்குப் போனாள். ஒரே ஓர் அறை. சுவரெல்லாம் சாலைக் குறியீடுகளின் படம். மேடம் ஐம்பது வயதுக்காரர், உரத்த குரல். அன்று குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஒரு துணிப்பையில் குடை, துண்டு, மாற்றுக் கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துவைத்தார்.

"உட்காரும்மா. டீ சொல்றேன்."

"வேண்டாம் மேடம்."

"உட்காருன்னு சொல்றேன்ல."

உட்கார்ந்தாள். அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலி எது என்று கேட்கப் பயமாக இருந்தது.

"சார் இருபத்தெட்டு வருஷத்துல என்கிட்ட வாயைத் திறந்து லீவு கேட்டதே இல்ல" என்றார் மேடம். "காய்ச்சல்னாக்கூட வந்து உட்கார்ந்துட்டு, நான் விரட்டினாத்தான் போவார். அவரே கேட்டது ஒரே தடவை. அந்தப் புதன்கிழமைக்கு."

"எந்தப் புதன்கிழமை?"

"அதாம்மா, மறுநாள். அவர் போனதுக்கு மறுநாள். டிவி ஆபீசுக்குப் போகணும்னார். இங்க இருந்துதான் ஃபோன் பண்ணினார். பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தாங்க."

"எதுக்கு?"

மேடம் கொஞ்சநேரம் மேஜைமேல் இருந்த பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "தப்பு என்மேலதான். உங்க பொண்ணைப் பத்திக் கண்டபடி எழுதுறாங்க சார்னு நான்தான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம சொல்லிட்டேன். படிச்சுக் காட்டுங்கன்னார். வேண்டாம் சார்னேன். படிங்கன்னு நின்னார். நாலஞ்சு படிச்சேன். அதுக்குமேல என்னால முடியல. தினமும் வகுப்பு முடிஞ்சதும் வருவார். இன்னைக்கு எத்தனை எழுதியிருக்காங்கன்னு கேட்பார். குறைஞ்சிருக்கான்னு கேட்பார்."

அவள் துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"திங்கட்கிழமை சாயங்காலம் என்னை அந்தப் பக்கம் உட்கார வச்சு, மேடம், நீங்கதான் டிவிக்காரங்கன்னு வச்சுக்குங்க, நான் சொல்றது நம்புற மாதிரி இருக்கா பாருங்கன்னார். என்னம்மா இது கூத்துன்னு எனக்குச் சிரிப்பு. அவர் சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு நேரா நின்னார். ‘என் பொண்ணு பேட்டியில சொன்னதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அப்படிச் சொன்னா நிகழ்ச்சி நல்லாப் போகும்னு நானே எழுதிக் கொடுத்தேன். அவ மாட்டேன்னுதான் சொன்னா. நான்தான் வற்புறுத்தினேன். இதை நீங்க டிவியில போடணும்’ அப்படின்னார். மூணு தடவை சொல்லிப் பார்த்தார். ரெண்டாவது தடவை ‘வற்புறுத்தினேன்’ல தடுமாறுச்சு. திரும்ப ஆரம்பிச்சார்."

வெளியே ஒரு பயிற்சி வண்டி குலுங்கி நின்று, மறுபடி கிளம்பியது.

"நான் கேட்டேன்மா. ஏன் சார், அவ்வளவு பெரிய பொய்யை அங்க போய் நேருக்கு நேர் நின்னு சொல்லப் போறீங்களேன்னு. அதுக்கு அவர், ‘மேடம், லைசன்ஸ் குடுக்கிற அதிகாரி முன்னாடி நின்னு, சுவத்துல இடிச்சவங்களையெல்லாம் இவங்க நல்லா ஓட்டுவாங்க சார், இன்னைக்குப் பயத்துல இப்படி ஆயிடுச்சுன்னு எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன்? ஊரான் வீட்டுப் பிள்ளைங்களுக்குச் சொன்னவன் என் பொண்ணுக்குச் சொல்ல மாட்டேனா?’ன்னார்."

டீ வந்தது. யாரும் தொடவில்லை. அவள் துணிப்பையின் காதுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடத்தின் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் துணிச்சல் இல்லை. அவர் சொன்னது பொய் என்று மேடத்துக்குத் தெரியும். அப்படியானால் எது உண்மை என்பதும் தெரியும்.

"மேடம்" என்றாள் கடைசியில். "அவர் என்மேல கோபமா ஏதாவது..."

"கோபமா? நீ வேற. அவர் கவலையெல்லாம், அந்த டிவி ஆபீஸ்ல மாடியில லிப்ட் இருக்குமா, மூச்சு வாங்கி நடுவுல நிறுத்திச் சொன்னாப் பொய்னு கண்டுபிடிச்சிருவாங்களான்னுதான்."

மேடம் மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒரு பதிவேட்டுக்குள் வைத்திருந்த காகிதத் துண்டை எடுத்தார். தொலைக்காட்சி நிறுவனத்தின் எண், புதன் பதினொரு மணி என்று அப்பாவின் சாய்ந்த எழுத்தில் இருந்தது. அதை அவள் பக்கமாக நகர்த்தினார்.

"அன்னைக்குப் பதினொன்றரைக்கு அவங்களே ஃபோன் பண்ணினாங்க. கழுத்துல ஹெட்போன் மாட்டுற பொண்ணு ஒண்ணு இருக்கும்னு சார் சொல்வாரே, அதுவாத்தான் இருக்கும். சார் வரலையே, காத்துட்டிருக்கோம்னுச்சு. சார் போயிட்டார்னு என்னால சொல்ல முடியல. அவங்க நம்பரைக் குறிச்சுக்கச் சொல்லிட்டு, வேற நாள் வர்றதா இருந்தாச் சொல்லுங்கன்னுச்சு. நான் இன்னும் ஒண்ணும் சொல்லலம்மா."